நீலப் பூவும் லிட்மஸ் தாளும்: நிழல் தோட்டத்தில் ஹைட்ராஞ்சியா

பெரும்பாலான பள்ளி வளாகங்களில் வெயில் சரியாக விழாத ஒரு துண்டு இடம் இருக்கும். வகுப்பறைக் கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், பெரிய மரத்தின் அடியில் என்று அது எங்காவது ஒதுங்கிக் கிடக்கும். ரோஜா வைத்தால் பூக்காது, தக்காளி வைத்தால் கொடிபோல் நீண்டு ஒடிந்துவிடும். கடைசியில் உடைந்த பெஞ்சுகளைப் போடும் இடமாக அதை விட்டுவிடுகிறோம். மலைப்பகுதிப் பள்ளிகளில் இப்படிப்பட்ட இடம் இன்னும் அதிகம். அங்கே பாசி படியும், மழைக்காலம் முழுக்க ஈரம் காயாது.

உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு அந்த இடம் ஒரு வாய்ப்பு. ஹைட்ராஞ்சியா அங்கே நன்றாக வளரும். பந்துபந்தாக நீல நிறத்தில் பூத்திருக்கும் அந்தப் புதரை மலைக்கு ஒருமுறை வந்தவர்கூட மறந்திருக்க மாட்டார். அதிலும் இடுப்பளவுக்கு மேல் போகாத குட்டையான வகையைத் தேர்ந்தால், ஒன்றாம் வகுப்புக் குழந்தை நின்றபடியே பூவின் உள்ளே பார்க்கலாம். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் அமிலங்கள், காரங்கள் பாடம் நடத்தும்போது இந்தச் செடியைப் போல உதவும் பொருள் ஆய்வகத்தில்கூட இல்லை. ஆனால் கவனமாகக் கையாளாவிட்டால் இதே செடி தவறான கருத்தையும் மாணவர் மனத்தில் ஊன்றிவிடும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சிக்கல்தான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம்.

நிழல் என்பது ஒன்றல்ல

ஹைட்ராஞ்சியாவை நிழல் தாவரம் என்று சொல்வது பாதி உண்மை. அடர்ந்த நிழலில் வைத்தால் இலை செழிக்கும், பூ வராது. நாள் முழுக்க வெயில் அடித்தால் இலை ஓரம் கருகும், பூ வெளுக்கும். காலையில் மூன்று, நான்கு மணி நேரம் இளவெயில், நண்பகலுக்குப் பின் நிழல் என்று அமைவதே அதற்குப் பிடித்த நிலை. இலைகளின் ஊடே வெயில் சிதறி விழும் மரநிழலும் பொருந்தும். கற்பூர மரம், சைப்ரஸ் போன்றவற்றின் அடியில் மட்டும் வேண்டாம். அந்த மரங்களின் வேர்கள் மேல்மண்ணின் ஈரத்தையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும். ஹைட்ராஞ்சியாவின் வேர்களும் மேலாகவே பரவுபவை, அந்தப் போட்டியில் அவை தோற்றுவிடும்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட தோட்டக்கலை நூல்கள் கட்டடத்தின் வடக்குப் பக்கம் ஆண்டு முழுக்க நிழல் என்று எடுத்துக்கொண்டு பேசும். அதை நாம் அப்படியே ஏற்க முடியாது. நீலகிரி ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்குச் சுவரில் வெயில் விழும், தெற்குச் சுவர்தான் நிழலில் இருக்கும். ஜூனுக்குப் பின் மேகமும் மழையும் வந்து காப்பாற்றிவிடும். ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் கவனிக்க வேண்டிய காலம்.

இதையே ஒரு பாடமாக்கலாம். செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு மீட்டர் குச்சி ஒன்றை நட்டு, காலை 9, 11, பகல் 1, 3 மணிக்கு நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை செய்தால் போதும். நான்காம் வகுப்புக் குழந்தைகளே அளந்து எழுதிவிடுவார்கள். நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று நம்பியிருந்த மாணவர்கள், ஜூன் மாதத்தில் மேகம் விலகிய ஒரு நாளில் அது தெற்கே விழுவதைப் பார்த்து வியப்பார்கள். கூழாங்கற்கள் வரைந்து தரும் படத்தைப் பார்த்து, செடியை எங்கே வைப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். பெரும்பாலும் கிழக்கு நோக்கிய சுவரோரம்தான் தேர்வாகும். உறைபனி கடுமையாக இறங்கும் பள்ளத்தாக்கு ஊர்களில் மட்டும் சிறு எச்சரிக்கை: பனியில் உறைந்த மொட்டின்மேல் விடிந்ததும் நேர் வெயில் பட்டால் மொட்டு கருகும். அங்கே கூரைச் சரிவின் கீழோ மரக்கிளையின் கீழோ வைப்பது நல்லது.

குட்டை வகையைக் கண்டுபிடிப்பது

மலைப்பகுதிப் பங்களாக்களின் வாசலில் நாம் காணும் பழைய வகை ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரம்கூட வளரும். நடைபாதை ஓரத்தில் அதை வைத்துவிட்டு ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டே இருப்பது வீண் வேலை. உயரத்தைக் குறைக்க வெட்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த ஆண்டின் பூவையும் சேர்த்து வெட்டுகிறோம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இயல்பிலேயே குட்டையாக நிற்கும் வகைகள் உண்டு. ‘பியா’ என்ற வகை இரண்டு, மூன்று அடியோடு நின்றுவிடும். ஜப்பான், கொரியா மலைக்காடுகளைச் சேர்ந்த ‘ஹைட்ராஞ்சியா செரேட்டா’ என்ற உறவு இனமும் பெரும்பாலும் சிறியது. ஆனால் நாற்றங்காலில் வகைப்பெயர் எழுதிய அட்டை இல்லாமல் செடி விற்பதே வழக்கம். எனவே பெயரைக் கேட்பதை விட, “இதோட தாய்ச்செடி எங்கேங்க? எத்தனை வருஷமாச்சு?” என்று கேளுங்கள். ஐந்து ஆண்டு வளர்ந்தும் இடுப்பளவில் நிற்கும் தாய்ச்செடியிலிருந்து எடுத்த கன்று போதும். இலையும் பூவும் ஒன்றாக இருந்தாலும், கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் குட்டை வகையில் குறைவாக இருக்கும். இதையும் மாணவர் அளந்து பார்க்கலாம்.

இன்னொன்றையும் கேட்க மறக்க வேண்டாம். வெள்ளைப் பூ வகையை வாங்கினால் பின்னால் வரும் நிறச்சோதனை எதுவும் நடக்காது. வெள்ளையில் மாறுவதற்குரிய நிறமி இல்லை.

கன்றை விலை கொடுத்து வாங்கவே வேண்டும் என்பதில்லை. பருவமழை தொடங்கும் நேரத்தில், பூ இல்லாத நல்ல தண்டாகப் பார்த்து 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். அடியிலுள்ள இலைகளை நீக்கி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிட வேண்டும். இலை பெரியது, வேர் இல்லாத தண்டால் அவ்வளவு நீரிழப்பைத் தாங்க முடியாது. நீராவிப்போக்கை விளக்க இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எது? ஒரு தண்டை இலை நறுக்காமல் பக்கத்திலேயே நட்டு வையுங்கள், இரண்டு நாளில் வேறுபாடு தெரியும். மணலும் இலைமக்கும் சமமாகக் கலந்த பையில் ஊன்றி, அடி வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து மூடினால் மூன்று, நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது தண்டு அசையாமல் நின்றால் வேர் வந்துவிட்டது. தினமும் இழுத்துப் பார்க்கும் மாணவர் ஒருவராவது எல்லா வகுப்பிலும் இருப்பார், அவருக்குத் தனியாக ஒரு பை கொடுத்துவிடுவது நல்லது.

நடுவதும் பராமரிப்பதும்

அகலம் 45 செ.மீ., ஆழமும் ஏறத்தாழ அதே அளவில் குழி எடுத்து, தோண்டிய மண்ணோடு இலைமக்கும் நன்கு மக்கிய சாணமும் கலந்து நிரப்பி நடலாம். குட்டை வகைக்குச் செடிக்குச் செடி 75 முதல் 90 செ.மீ. இடைவெளி போதும். ஈரம் இருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது. காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டுவிட்டால் களையும் குறையும், ஈரமும் காக்கும். அடியில் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தக் கூடாது. நத்தைகளைக் காலையில் பொறுக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் இலைப்புள்ளி வந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் பெரும்பாலும் போதும். மருந்து அடிக்கும் அளவுக்குப் பள்ளியில் போக வேண்டியதில்லை.

நண்பகலில் இலை துவண்டிருப்பதைப் பார்த்ததும் குடம்குடமாக ஊற்றுவது பலரின் வழக்கம். ஈரமண்ணில் நிற்கும் செடியும் வெயிலில் துவளும், மாலையில் நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் துவண்டிருந்தால் அதுதான் தாகம். குடம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹைட்ராஞ்சியா என்ற பெயர் ‘நீர்’, ‘கலம்’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. அதிகம் நீர் குடிப்பதால் வந்த பெயர் என்று சொல்லக் கேட்கிறோம். உண்மையில் அதன் சிறிய விதைக்காய் பழங்கால நீர்க்குடம் போல இருப்பதால் வைத்த பெயர் அது.

இனி வெட்டுவதைப் பற்றி. பள்ளித் தோட்டங்களில் ஹைட்ராஞ்சியா பூக்காமல் போவதற்கு நான் அதிகம் காணும் காரணம் இதுதான். ஆண்டு விழாவோ ஆய்வோ வருகிறது என்று ஜனவரி, பிப்ரவரியில் தோட்டத்தைச் சுத்தம் செய்து, புதர்களை எல்லாம் ஒரே உயரத்தில் மழுங்க வெட்டிவிடுகிறோம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இந்தச் செடி அடுத்த பருவத்துக்கான பூமொட்டை முந்தைய பருவத்தின் கடைசியிலேயே தண்டின் நுனியில் உருவாக்கி வைத்துவிடும். அந்த நுனியை வெட்டினால் அந்த ஆண்டு பூ இல்லை. கோடையிலும் மழைக்காலத்திலும் பூத்து முடிந்தவுடன், வாடிய பூங்கொத்தை அதற்குக் கீழே உள்ள தடித்த மொட்டு இணைக்குச் சற்று மேலே நறுக்கிவிட வேண்டும். முதிர்ந்து காய்ந்த ஒன்றிரண்டு தண்டுகளை அடியோடு எடுக்கலாம். அதோடு கத்தரிக்கோலை அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். பனிக்காலத்தில் மாலையில் சாக்குப்பை போர்த்தி, காலையில் எடுப்பதும் அந்த நுனிமொட்டைக் காக்கத்தான்.

அந்த இதழ்கள் இதழ்களா?

பூத்தவுடன் முதல் பாடம் நிறம் பற்றியதாக இல்லாமல் வடிவம் பற்றியதாக இருக்கட்டும். நாம் இதழ் என்று நினைக்கும் நான்கு அகன்ற பகுதிகள் அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். ஒரு பந்தைக் கையில் எடுத்து விரலால் விலக்கிப் பார்த்தால், உள்ளே குண்டூசித் தலையளவில் உண்மையான சிறு பூக்கள் அல்லி இதழ், மகரந்தத்தாளோடு மறைந்திருப்பதைக் காணலாம். வெளியே பளிச்சென்று இருப்பவை பூச்சிகளை அழைக்கும் விளம்பரப் பலகைகள். பெரும்பாலும் அவை விதை தராது. சில வகைகளில் சிறு பூக்கள் நடுவிலும் அகன்றவை வட்டமாகச் சுற்றிலும் இருக்கும், அதில் இந்த வேலைப்பகிர்வு இன்னும் தெளிவாகத் தெரியும். சமவெளிப் பள்ளிகளில் இதே பாடத்துக்குக் காகிதப்பூவும் முசாண்டாவும் கிடைக்கும். காகிதப்பூவில் நிறம் பூவடிச் செதில்களுடையது. முசாண்டாவில் ஒரு புல்லி இதழ் மட்டும் பெரிதாகிக் கொடியாகப் பறக்கும். மூன்று தாவரங்கள், பூச்சியை அழைக்க மூன்று வெவ்வேறு வழிகள்.

லிட்மஸுக்கு நேர்மாறாக

இப்போது சிக்கலுக்கு வருவோம். இயற்கை நிறங்காட்டிகளுக்கு எடுத்துக்காட்டு சொல்லும்போது மஞ்சள், செம்பருத்தி, பீட்ரூட் என்ற வரிசையில் ஹைட்ராஞ்சியாவையும் ஒரு பெயராகச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறோம். சமவெளியில் அது வெறும் பெயர், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மலையில் அப்படி இல்லை, பூ சன்னலுக்கு வெளியே நிற்கிறது. அமிலத்தில் லிட்மஸ் சிவப்பாகும், காரத்தில் நீலமாகும் என்று நேற்று மனப்பாடம் செய்த மாணவி இன்று வெளியே பார்த்துவிட்டு, “டீச்சர், நம்ம ஊர்ப் பூ எல்லாம் நீலம்தானே? அப்போ நம்ம மண்ணு காரமா?” என்று கேட்பாள். அவள் தர்க்கத்தில் பிழை இல்லை, முடிவு மட்டும் தலைகீழ். நீலகிரி மண் அமில மண். தேயிலை அங்கே செழிப்பதே அதனால்தான். தோட்டத்துக்கு டோலமைட் போடுவதை வீட்டில் பார்த்திருக்கும் குழந்தைக்கு, மண்ணின் புளிப்பைக் குறைக்கத்தான் அது என்பதும் ஓரளவு தெரியும். வகுப்பறை ஒன்று சொல்கிறது, வீடு வேறொன்று சொல்கிறது. இரண்டையும் இணைக்கும் விளக்கத்தை நாம் தராவிட்டால், மாணவி ஒன்றைத் தேர்வுக்கும் மற்றொன்றை வாழ்க்கைக்கும் என்று பிரித்து வைத்துக்கொள்வாள்.

ஹைட்ராஞ்சியாவில் அமில மண் நீலப் பூவையும், நடுநிலை அல்லது காரப் பக்க மண் இளஞ்சிவப்புப் பூவையும் தரும். மண்ணின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நீலம், 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் இளஞ்சிவப்பு, நடுவில் ஊதாவும் கலப்பு நிறங்களும். ஏன் இப்படி? பூவுக்குள் அமிலமும் காரமும் மாறுவதால் அல்ல. நீலப் பூவின் செல்சாறு, இளஞ்சிவப்புப் பூவின் செல்சாறு இரண்டுமே அமிலத்தன்மை கொண்டவைதான். நிறமியும் ஒன்றேதான்: டெல்பினிடின் வகையைச் சேர்ந்த ஆந்தோசயனின். வேறுபடுவது அலுமினியம்.

மண்ணில் அலுமினியம் எங்கும் உண்டு, களிமண் கனிமங்களிலேயே அது இருக்கிறது. நடுநிலை மண்ணில் அது கரையாத சேர்மமாகப் பூட்டப்பட்டிருக்கும், வேருக்கு எட்டாது. மண் அமிலமாகும்போது அலுமினியம் அயனியாகக் கரைந்து நீரில் வரும். வேர் அதை உறிஞ்சும், தண்டின் வழியே புல்லி இதழ் வரை போகும். அங்கே ஆந்தோசயனினோடும் அருகிலுள்ள நிறமற்ற துணைச் சேர்மங்களோடும் சேர்ந்து நீல நிற அணைவாக மாறும். பல பயிர்களின் வேருக்கு நஞ்சாகும் கரைந்த அலுமினியத்தை ஹைட்ராஞ்சியா தாங்கிக்கொள்கிறது. தேயிலையும் அப்படித்தான், தன் முதிர்ந்த இலைகளில் அலுமினியத்தைச் சேர்த்து வைக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் நீல ஹைட்ராஞ்சியா நிற்பதில் இப்படி ஒரு பொருத்தம் இருக்கிறது. ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி அங்கே மழைக்காலத்தின் அடையாளம். ஜூன் மாத மழையில் கோயில் படிக்கட்டுகளின் இருபுறமும் நீலமாகப் பூத்திருக்கும். எரிமலைச் சாம்பலும் மிகுமழையும் சேர்ந்து அந்த மண்ணையும் அமிலமாக்கி வைத்திருக்கின்றன.

ஆக, ஹைட்ராஞ்சியா காட்டுவது மண்ணின் அமிலத்தை நேரடியாக அல்ல. அமிலம் அலுமினியத்தை விடுவிக்கிறது, அலுமினியம் நிறத்தை மாற்றுகிறது. இந்த இடைப்படியைச் சொல்லாமல் ‘இயற்கை நிறங்காட்டி’ என்று மட்டும் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது.

இதை வகுப்பிலேயே பத்து நிமிடத்தில் காட்டலாம். நீலப் பூவின் சில புல்லி இதழ்களைச் சிறிது வெந்நீரில் நசுக்கி வடிகட்டி, அந்தச் சாற்றில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் மறைந்து இளஞ்சிவப்புப் பக்கம் திரும்பும். செம்பருத்திச் சாறும் அமிலத்தில் இப்படித்தான் சிவக்கும். சோதனைக்குழாயில் அமிலம் ஊற்றினால் சிவப்பு, மண்ணில் அமிலம் இருந்தால் நீலம், அதுவும் ஒரே பூவில்! இந்த முரணை முதலில் காட்டிவிட்டு, விளக்கத்தை அன்றே சொல்லாமல் மறுநாள் வரை விட்டுப் பாருங்கள். வீட்டில் அண்ணனிடம், பாட்டியிடம் கேட்டுவந்து சொல்லும் காரணங்களே ஒரு பாடவேளைக்குப் போதும்.

சுவரோரச் செடி

நீலச் செடிகளுக்கு நடுவே ஒரு செடியில் மட்டும் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூப்பதைச் சில வளாகங்களில் பார்க்கலாம். பெரும்பாலும் அது சுவரை ஒட்டியிருக்கும். சிமெண்ட் பூச்சிலிருந்தும் வெள்ளையடித்த சுவரிலிருந்தும் மழையில் சுண்ணாம்பு கரைந்து அடிமண்ணில் இறங்குவதால், அந்தப் பக்கத்து வேர்களுக்கு அலுமினியம் குறைகிறது. மாணவர்களிடம் காரணத்தைச் சொல்லாதீர்கள். சுவரிலிருந்து 10, 30, 60, 100 செ.மீ. தூரத்தில் மண் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, தெளிந்தபின் பி.எச். தாளால் சோதிக்கச் சொல்லுங்கள். குழாய்நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்புகள் முடிவை மாற்றிவிடும். தூரத்துக்கும் பி.எச். மதிப்புக்கும் ஒரு வரைபடம் போட்டால், சுவர்தான் ‘குற்றவாளி’ என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டு கல்வியாண்டு நீளும் சோதனை

பொறுமை உள்ள பள்ளிகளுக்கு இன்னொரு வேலை. ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்து வேர்பிடித்த கன்றுகளைத் தொட்டிகளில் வையுங்கள். முதல் தொட்டியில் உள்ளூர் மண். இரண்டாவதில் அதே மண்ணோடு சுண்ணாம்புக்கல் பொடி அல்லது டோலமைட் ஒரு மேசைக்கரண்டி. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எச். பார்த்து, தேவையானால் மீண்டும் சேர்க்கலாம். 6.5 அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் இரும்புச்சத்து எட்டாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறத் தொடங்கும். சுட்ட சுண்ணாம்பு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டும் வேண்டாம், கையையும் வேரையும் பதம்பார்க்கும். மூன்றாவது தொட்டியில் மண்ணே இல்லாமல் தென்னைநார்க் கழிவு மட்டும். நான்காவதில் அதே நார்க்கழிவு, அதோடு பதினைந்து நாளுக்கு ஒருமுறை படிகாரக் கரைசல்: 2 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது மட்டும் ஊற்ற வேண்டும். படிகாரம் அலுமினிய உப்பு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது அன்னபேதியோடு மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இரும்பு உப்பு.

இந்த மூன்றாவது தொட்டிதான் முக்கியம். நார்க்கழிவு அமிலப் பக்கம் இருந்தாலும் அதில் அலுமினியம் மிகக் குறைவு. அதில் பூ இளஞ்சிவப்பாக வந்து, படிகாரம் பெற்ற நான்காவது தொட்டியில் நீலமாக வந்தால், நிறத்தை மாற்றியது அமிலமா அலுமினியமா என்ற கேள்விக்குச் செடியே விடை சொல்லிவிடும். துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் பூ நீலமாகும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாதாட வேண்டாம், நார்க்கழிவு நிரப்பிய ஐந்தாவது தொட்டியில் நாலு ஆணியைப் புதைத்துவிடுங்கள். இரும்பு அந்த வேலையைச் செய்யாது என்பதை மாணவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு உரம், ஒரே மழைநீர், ஒரே நிழல். பாஸ்பரஸ் மிகுந்த உரம் அலுமினியத்தைப் பூட்டிவிடும், தழைச்சத்து மிகுந்தால் பூ குறையும், ஆகவே உரத்தைக் கொஞ்சமாகவே கொடுங்கள். ஒன்று விட்டு ஒரு வாரம் பி.எச். குறித்து வைக்க வேண்டும். படிகாரம் நீரைச் சற்று அமிலமாக்கும் என்பதால் மூன்று, நான்காம் தொட்டிகளின் பி.எச். வேறுபாட்டையும் முடிவில் பேச வேண்டியிருக்கும். நல்ல மாணவர் ஒருவர் அதைக் கேட்டுவிடுவார்.

விரிந்த பூ நிறம் மாறாது. மொட்டு உருவாவதற்கு முன்பிருந்தே மண் தயாராக இருக்க வேண்டும், கன்று பூக்கவே ஓராண்டு ஆகலாம். எட்டாம் வகுப்பில் தண்டு ஊன்றியவர்கள் ஒன்பதாம் வகுப்பில்தான் நிறத்தைப் பார்ப்பார்கள். பதிவேட்டை ஒரே நோட்டில் எழுதி, பசுமைப் படை மாணவர்கள் அடுத்த அணியிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும்படி செய்தால் ஆசிரியர் மாறுதலில் போனாலும் சோதனை நிற்காது.

சமவெளி ஆசிரியர்கள் சுற்றுலா வரும்போது ஒரு தொட்டி ஹைட்ராஞ்சியா வாங்கிப் போவதுண்டு. சென்னை, மதுரை வெயிலில் அது சில வாரத்தில் வாடுவதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பணத்துக்குச் சங்குப்பூ விதை வாங்கலாம். அதன் நீலமும் டெல்பினிடின் வகை நிறமிதான். எலுமிச்சைச் சாற்றில் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். ஆனால் அந்த நீலத்துக்கு அலுமினியம் தேவையில்லை, எந்த மண்ணில் வைத்தாலும் நீலமாகவே பூக்கும். மலைப்பள்ளியும் சமவெளிப் பள்ளியும் தத்தம் பூச்சாற்றுச் சோதனையைக் காணொலியில் எடுத்துப் பரிமாறிக்கொண்டால் இரு பக்கத்துக்கும் பாடம் முழுமையாகும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. இந்தச் செடியின் இலையும் மொட்டும் நச்சுத்தன்மை உடையவை, வாயில் வைக்கக் கூடாது. சிறு குழந்தைகளிடம் நட்ட அன்றே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். படிகாரத்தையும் சுண்ணாம்பையும் ஆசிரியரே அளந்து கொடுங்கள். வளாகத்துக்குள் ஆடு வரும் பள்ளியாக இருந்தால் வேலி அவசியம்.

மே மாத விடுமுறைதான் எல்லாப் பள்ளித் தோட்டங்களுக்கும் கண்டம். விடுமுறைக்கு முந்தைய வாரம் தொட்டிகளை எல்லாம் அதிகம் நிழல் விழும் மூலைக்கு நகர்த்தி, ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வைத்து, மேலே நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். மூடியில் ஊசித்துளை இட்ட பாட்டிலை நீர் நிரப்பித் தலைகீழாகச் செருகினால் சில நாள் தாங்கும். பள்ளிக்குப் பக்கத்தில் வீடுள்ள மாணவர்கள் நான்கைந்து பேர் முறைவைத்து வந்து நிரப்பினால் போதும். முறைப்பட்டியலின் ஒரு நகல் தலைமையாசிரியரிடமும், ஒன்று சத்துணவுக்கூட அக்காவிடமும் இருக்கட்டும். வாயில் சாவி பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.